சரக்கு ஒத்துக்கலையா? பிராண்டை மாத்தாதீங்க, தைராய்டைப் பாருங்க

1/
மயிலாடுதுறை பக்கம் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழும். "முன்னெல்லாம் ஒரு குவாட்டர் போட்டாலும் ஸ்டெடியா இருப்பேன் டாக்டர். இப்ப ரெண்டு ரவுண்டுலயே தலை சுத்துது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க முடியலை." இதுக்கு ஊர் சொல்லும் பதில்களை எதிர்த்துத்தான் இந்த நீண்ட இழை. பொறுமையா படிங்க.

2/
ஊர் என்ன சொல்லும்? "டூப்ளிகேட் சரக்கா இருக்கும்." "காரைக்கால்ல இருந்து வந்ததைக் குடிக்காதே." "பிராந்தியை விடு, ரம்முக்கு மாறு." "வெறும் வயித்துல அடிச்சிருப்பே." "வயசாச்சுல்ல மாமா!"
பாட்டில் மேல சந்தேகம் வருது. தண்ணி பாக்கெட் மேல சந்தேகம் வருது. குடிக்கிற உடம்பு மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வரமாட்டேங்குது.

3/
பாட்டிலைச் சந்தேகப்பட வேண்டிய நேரமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னது. குடிச்ச பிறகு கண் மங்கினா, வயிறு வலிச்சு மூச்சு வாங்கினா, அது விஷம். யோசிக்காம 108ஐக் கூப்பிடுங்க.
நான் பேசுவது வேற. அதே கடை, அதே பாட்டில், அதே அளவு. நாலஞ்சு மாசமா உடம்பு மட்டும் தாங்கலை.

4/
இப்படி வர்றவர்கிட்ட இன்னும் நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. எப்பவும் களைப்பா இருக்கா? காலையில் முகம் உப்பியிருக்கா? மலச்சிக்கல்? குரல் கரகரப்பு? மத்தவங்க வியர்க்கிறப்போ உங்களுக்குக் குளிருதா? சாப்பாடு கூடாமலே எடை கூடுதா?
ரெண்டு மூணுக்கு "ஆமா"ன்னா, அடுத்து பார்க்க வேண்டியது டி.எஸ்.எச் என்கிற ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவா சுரக்குதான்னு அது சொல்லிடும்.

5/
"தைராய்டா? அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே!"
இந்த ஒரு வாக்கியம் ஏகப்பட்ட ஆண்களோட நோயை மறைச்சு வெச்சிருக்கு. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் நடத்தி 2013ல் வெளியான ஆய்வில், பெரியவங்கள்ல சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு. பெண்களில் 16 சதவீதத்துக்குப் பக்கம். ஆண்களில் 5 சதவீதம்.
5 சதவீதம்னா 20 ஆண்களில் ஒருத்தர். உங்க ஊர் டீக்கடை பெஞ்சை ஒருதடவை எண்ணிப் பாருங்க.

6/
சரி, ஏன் தாங்கலை? முதலில் ஒரு கணக்கு. நம்ம குவாட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராமை ஒரு 'அளவு'ன்னு வெச்சுத்தான் டாக்டர்கள் கணக்கு போடுவோம். அப்ப ஒரு குவாட்டர்னா ஆறு அளவு. "ஒரே ஒரு குவாட்டர்தான் டாக்டர்" என்பது சின்ன விஷயமே இல்லை.

7/
நல்லா இருக்கிற கல்லீரலே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி 10 மணிக்கு முடிச்ச குவாட்டர் விடியற வரைக்கும் ரத்தத்தில் ஓடிட்டிருக்கும். தைராய்டு குறைஞ்சவங்களுக்கு கல்லீரல் கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் கூடும் வாய்ப்பு ஏற்கனவே அதிகம். மது அந்த ரெண்டையும் இன்னும் ஏத்தும்.

8/
அடுத்தது மூளை. தைராய்டு குறைஞ்சா யோசனை மந்தம், பேச்சு மந்தம், நடையில் தள்ளாட்டம் வரலாம். மது செய்யறதும் அதேதான். மந்தத்து மேல மந்தம். அதனாலதான் ரெண்டு ரவுண்டு நாலு ரவுண்டு மாதிரி அடிக்குது.
ரத்தத்தில் சோடியம் குறையறதும் அப்படித்தான். தைராய்டு குறைபாடும் குறைக்கும், சரியா சாப்பிடாம பீரா குடிக்கறதும் குறைக்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும்.

9/
மூச்சைத் தனியா சொல்லணும். தைராய்டு ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு, ஆக்சிஜன் இறங்கினாலும் "வேகமா மூச்சு விடு"ன்னு மூளை கொடுக்கும் உத்தரவு பலவீனமாயிடும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்னு நின்னு வர்றதும் இவங்களுக்கு அதிகம். அதுக்கு மேல மது தொண்டைத் தசையைத் தளர்த்தும்.
குறட்டைச் சத்தம் கேட்டு "நல்லா தூங்குறார்"னு நினைக்கிறீங்க. அவர் மூச்சுக்குப் போராடிட்டிருக்கலாம்.

10/
இப்ப நம்ம வயல்காட்டுக்கு வருவோம். குறுவை நடவு, சம்பா அறுப்பு, நாள் பூரா குனிஞ்சு வேலை. சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர். இதை ஊரே மருந்துன்னு ஏத்துக்கிட்டாச்சு.
தசை வலி, பிடிப்பு, அசதி எல்லாம் தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகளும்தான். நோயால வர்ற வலிக்குக் குவாட்டர். குவாட்டரால மறுநாள் இன்னும் அசதி. அதுக்கு இன்னொரு குவாட்டர். நடுவில் நோய் வளர்ந்துக்கிட்டே இருக்கும். கூலி போச்சுன்னு வீட்டில் சண்டை வேற. "சோம்பேறி, குடிகாரன்"னு பேர் வாங்கிக்கிட்டு ஒரு நோயாளி திண்ணையில் படுத்திருப்பார்.

11/
எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். உப்பின முகம், குழறின பேச்சு, தள்ளாடும் நடை. இந்த மூணையும் ஒருத்தர்கிட்ட பார்த்தா நாம தீர்ப்பே எழுதிடுறோம். அவர் அன்னிக்குக் குடிச்சாரா, எவ்வளவு குடிச்சார்னு கூட கேட்கறதில்லை. குடிக்கிற மனுஷனுக்கு வேற நோயே வராதா? குடிகாரன்னு முத்திரை குத்தினதும் வைத்தியம் பார்க்கும் கடமை முடிஞ்சுபோச்சா?

12/
மார்கழி, தை பனியில் இது இன்னும் ஆபத்து. சிகிச்சை இல்லாம முத்திப்போன தைராய்டு குறைபாட்டில், குளிர், கிருமித் தொற்று, மயக்கம் தரும் பொருட்கள் சேர்ந்தா கோமா வரைக்கும் போகலாம். மிக்ஸெடிமா கோமான்னு பேர். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பலரைக் காப்பாத்த முடியாத நிலை அது.
"போதை தெளிஞ்சா எழுந்திருப்பான், விடு"ன்னு வாசலில் விட்டுட்டுப் போறது நம்ம வழக்கம். அந்த வழக்கம் ஆளைக் கொல்லும்.

13/
இதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. உலுக்கியும் எழுந்திருக்கலையா? உடம்பு சில்லுன்னு இருக்கா? மூச்சு விட்டு விட்டு வருதா? உடனே 108.
வண்டி வர்ற வரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. போர்த்தி விடுங்க. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணி எதையும் வாயில் ஊத்தாதீங்க. நுரையீரலுக்குள்ள போயிடும். தலையில் குடம் குடமா தண்ணி ஊத்தறதும் வேண்டாம்.

14/
தைராய்டு அதிகமா சுரக்கறவங்க கதை வேற. இவங்களுக்குப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவு. காலையில் கை நடுங்கினா ஊர் என்ன சொல்லும்? "நேத்து சரக்கு இறங்குது, ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்."
அந்தக் கட்டிங் இதயத்துக்குப் போகும் அடி. தைராய்டு மிகை தனியாவே இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். மதுவும் ஆக்கும். விடுமுறைக் கொண்டாட்டத்தில் குடிச்சுட்டுத் துடிப்பு கெட்டு வர்றவங்களைப் பார்த்து, 1978லயே 'ஹாலிடே ஹார்ட்'னு பேர் வெச்சாச்சு. ரெண்டும் சேர்ந்தா பக்கவாதம் வரைக்கும் போகும் வழி திறக்குது.

15/
மிகைக்குக் கார்பிமசோல் சாப்பிடறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அது அரிதா கல்லீரலைப் பாதிக்கலாம். அதைவிட முக்கியம், அரிதா ரத்த வெள்ளணுக்களைத் திடீர்னு குறைச்சிடும். முதல் அறிகுறி காய்ச்சல், தொண்டை வலி.
நம்மூர் வைத்தியம் தெரியுமே? தொண்டை வலின்னா மிளகு தட்டிப் போட்டு ரெண்டு மூடி பிராந்தி! கார்பிமசோல் சாப்பிடறவர் அதைச் செஞ்சுட்டு ரெண்டு நாள் படுத்தா, காப்பாத்த வேண்டிய நேரம் போயிடும். மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டரைப் பார்த்து ரத்த அணு எண்ணிக்கை பார்க்கணும்.

16/
பிள்ளை பெத்த உடம்புக்கும் பிராந்தி கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கு. பிரசவம் ஆன ஒரு வருஷத்துக்குள்ள சில பெண்களுக்குத் தைராய்டு அழற்சி வரும். படபடப்பு, அப்புறம் அசதி, அழுகை, மந்தம். அதைப் "பச்சை உடம்பு"ன்னு சொல்லி பிராந்தி கொடுத்தா நோய் மறையும், தாய்ப்பால் வழியா குழந்தைக்கும் மது போகும். அவளுக்குத் தேவை பரிசோதனை.

17/
அடுத்த தப்பு, மாத்திரை சாப்பிடறவங்க செய்யறது. "இன்னிக்கு விசேஷம், குடிக்கணும். அதனால காலையில் தைராய்டு மாத்திரை போடலை." இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் நிறுத்தினா மருந்து வெளியே போயிடாது. வாரத்துக்கு ரெண்டு மூணு விசேஷம்னா நோய் கட்டுப்பாடு மட்டும் போயிடும்.

18/
மறுநாள் கதை இன்னும் மோசம். தைராக்சினை வெறும் வயித்தில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். ராத்திரி குடிச்சவர் காலை 10 மணிக்கு எழுந்து, டீயோட மாத்திரையை முழுங்குவார், இல்லைன்னா மறந்துடுவார். டி.எஸ்.எச் ஏறும். குடிப்பதை டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் டோஸை ஏத்துவார். நாலு நாள் ஒழுங்கா போட்டதும் படபடப்பு வரும். "இந்த மாத்திரையே ஒத்துக்கலை"ன்னு நிறுத்திடுவார்.
ராத்திரி குடிச்சிருந்தாலும் காலையில் மாத்திரையைப் போடுங்க. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க.

19/
எங்க ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.பி.யில் கூட்டம் அதிகம், தெரியும். ஆனாலும் தைராய்டு நோயாளிகிட்ட "குடிப்பீங்களா, வாரத்துக்கு எவ்வளவு?"ன்னு கேட்க பத்து செகண்ட் போதும். பெண்களையும் கேளுங்க. மிரட்டுற தொனியில் கேட்டா "இல்லை"ன்னுதான் பதில் வரும். குடிநோய்க்கு வர்றவருக்கு ஒரு டி.எஸ்.எச் எழுதறதும் அவ்வளவு பெரிய வேலை இல்லை.

20/
இந்த இழையிலேயே ஆபத்தான விஷயம் இது. பேருந்து நிலையச் சுவரில் பார்த்திருப்பீங்க: "குடியை மறக்க மருந்து. அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலக்கலாம்." டைசல்ஃபிரம் மாத்திரையை இப்படிக் குழம்பில் கலக்கிற வீடுகள் உண்டு. 1940களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்குக் கண்டுபிடிச்ச மருந்து அது. உள்ளே மாத்திரை இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, தலை தெறிச்சு, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். கடுமையானா உயிர் போகும்.

21/
அந்த மருந்தின் குறிப்பில் உள்ள முதல் எச்சரிக்கையே இதுதான்: நோயாளிக்கு முழுசா தெரியாம கொடுக்கவே கூடாது. மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் நோய்கள்னு அதில் ஒரு பட்டியல் உண்டு. சர்க்கரை, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சுருக்கத்தோட தைராய்டு குறைபாடும் அதில் இருக்கு. கடைசி மாத்திரைக்கு அப்புறமும் ரெண்டு வாரம் வரை வினை வரலாம்.
அம்மா, அக்கா, உங்க வேதனை புரியுது. அடி வாங்கினது நீங்க, கடன் அடைச்சது நீங்க. ஆனா திருட்டுத்தனமா கலக்காதீங்க. அவர் சம்மதத்தோட, டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

22/
"டாக்டர், அளவா குடிச்சா தைராய்டுக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி வந்திருக்காமே?" வந்திருக்கு. டென்மார்க்கில் 2012ல் வெளியான ஆய்வில், மிதமா குடிக்கறவங்ககிட்ட தன்னெதிர்ப்பு தைராய்டு குறைபாடு குறைவா இருந்தது. அது நோய் வந்தவங்களையும் வராதவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. மதுவை மருந்தா கொடுத்துப் பார்த்தது இல்லை. நோய் வந்தவர் குடிக்கலாம்னு அதில் எங்கேயும் இல்லை.
மது முதல் நிலைப் புற்றுநோய்க் காரணி. பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியாச்சு.

23/
"அப்ப மாத்திரை போட்டு டி.எஸ்.எச் சரியானா பழையபடி குடிக்கலாமா?" இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நோய் சரியானா மந்தம் குறையும். அந்தக் குவாட்டரில் இருக்கும் 60 கிராம் குறையாது. உடம்பு "வேண்டாம்"னு சொன்னது நல்ல சந்தர்ப்பம். அதைப் பிடிச்சுக்கிட்டு விட்டுடுங்க.

24/
எல்லாத்துக்கும் தைராய்டுதான் காரணம்னு நான் சொல்லலை. வருஷக்கணக்கா குடிச்சவருக்குத் திடீர்னு கொஞ்சத்துலயே ஏறுதுன்னா கல்லீரல் கெட்டிருக்கலாம். மெட்ரோனிடசோல் மாதிரி மாத்திரைகளாலும் ஒத்துக்காம போகலாம். அதனால டி.எஸ்.எச்சோட கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை, சோடியம், ஈ.சி.ஜி. எல்லாம் டாக்டர் சொல்றபடி பாருங்க. ரிப்போர்ட்டை வெச்சு நீங்களே மாத்திரை வாங்காதீங்க. ஆரம்பிச்சா 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச்.

25/
தினமும் நிறைய குடிக்கறவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே ஒரேயடியா நிறுத்தாதீங்க. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவ உதவியோட நிறுத்துங்க. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்க. போனில் பேசணும்னா 104, அல்லது டெலி மனஸ் 14416.

26/
சர்க்கரையும் பிரஷரும் பார்க்க ஆள் வீடு தேடி வர்றாங்க. தைராய்டைத் தேடி நாமதான் போகணும். சில நூறு ரூபாய், ஒரு ஊசிக் குத்து, அவ்வளவுதான். ரெண்டு குவாட்டர் காசை விட பெரிசா ஆகிடாது.
அடுத்த தடவை யாராவது "இப்பல்லாம் சரக்கு ஒத்துக்கலைடா"ன்னு சொன்னா, சிரிக்காதீங்க. வேற பிராண்டு சொல்லாதீங்க. "வா மாமா, ஒரு ரத்தம் டெஸ்ட் பார்த்துடலாம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. தேவைப்படறவங்களுக்கு இந்த இழையை அனுப்புங்க.