துருவைப் போக்கு, தழும்பை விடு

சென்ற பள்ளி விடுமுறையில் மாணவர்கள் சிலரை அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஒன்று இருந்தது.

"ஐயா, குழல் முழுக்கக் கீறலா இருக்கே! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே?" என்றான் ஒருவன்.

ஆகும் தம்பி, ஆனால் பொருள் பாழாகும். இத்தகைய குழல்கள் பலவற்றின் கருநிறம், இரும்பின்மீது உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடுப் படலம். அது இரும்பைக் காக்கும். செந்துருவோ இரும்பைத் தின்னும். ஆகவே போக்க வேண்டியது செந்துருவை மட்டுமே. பராமரிப்பாளர்கள் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துத் துடைப்பார்கள். நம் ஈரக் காற்றுக்கு மீண்டும் எண்ணெய்ப் பூச்சு அவசியம். உப்புத்தாளும் அரமும் பட்டால் கருநிறத்தோடு, பதித்த எண், ஆண்டு, சோதனை முத்திரை எல்லாமே தேய்ந்துபோகும். பிழையை அழிக்கப்போய்த் தாளையே கிழித்த கதைதான்!

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் என் தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டத்து வாசலில் இரவெல்லாம் காவல் நின்றவர். ஊர்ப் பெயர்களை மறந்த முதுமையிலும் தம் துப்பாக்கியின் எண்ணை மட்டும் அவர் மறக்கவில்லை. அந்தத் துப்பாக்கி இன்று எங்கே இருக்கிறதோ! எங்கிருந்தாலும், அந்த எண்ணை யாரும் தேய்க்காமல் இருக்கட்டும்.