எண்பது வயதுக்குக் கைதட்டாதீர்கள்

2023 அக்டோபர் 20 அன்று ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ வெளியானது. அன்று மதியம் ஆபீஸ் கேன்டீனில் அதைப் பற்றி இரண்டே கருத்துகள்தான். “இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பேசாம வீட்ல இருக்கலாம்ல” என்றார் ஒருவர். “எண்பது வயசுல என்னமா பாடுறாரு மனுஷன்!” என்று புல்லரித்தார் இன்னொருவர். நான் முதலாமவரோடு சண்டை போட்டேன். இரண்டாமவரோடும் போட்டிருக்க வேண்டும் என்று ஆல்பத்தை நாலைந்து முறை கேட்டபிறகுதான் உறைத்தது. இரண்டு பேருமே பாட்டைக் கேட்கவில்லை, பிறந்த தேதியைத்தான் பார்த்தார்கள்.

முதலில் முதல் கட்சி. ஸ்டோன்ஸின் முந்தைய சொந்தப் பாடல் ஆல்பமான ‘எ பிக்கர் பேங்’ 2005இல் வந்தபோது நான் இன்ஜினியரிங் முதல் வருடம். அதற்கப்புறம் பதினெட்டு வருடம் புதுப் பாடல்களோடு ஓர் ஆல்பம் இல்லை. 2016இல் வந்த ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ முழுக்க மற்றவர்களின் ப்ளூஸ் பாடல்கள். ஆனால் கச்சேரி நிற்கவில்லை, ஸ்டேடியங்கள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன. எங்கள் துறையில் இதை மெயின்டனன்ஸ் என்போம். பழைய சிஸ்டம் ஓடும், காசு வரும், புதிதாக ஒரு வரி சேர்க்க எவனுக்கும் தைரியம் வராது. பழைய ஹிட்டுகளையே பாடிக் காலத்தை ஓட்டியிருக்க முடிந்தவர்கள் புதுப் பாட்டு எழுத உட்கார்ந்தார்கள் என்றால், அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பேராசைக்கு அதைவிடச் சுலபமான வழி இருந்ததே.

ராக் இளைஞர்களின் இசை என்பதும் பாதி உண்மைதான். 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மறுபடி சந்தித்தபோது ஜாகர் கையில் இருந்தவை சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அந்தப் பையன்கள் ஆசைப்பட்டது தங்களைவிட இரு மடங்கு வயதான மனிதர்களின் குரலுக்கு. ஐம்பதைத் தாண்டிய ஹவ்லின் வுல்ஃபிடம் யாரும் ‘போதும் நிறுத்து’ என்று சொல்லவில்லை. ப்ளூஸில் வயது குறையே அல்ல.

அதனால்தான் இரண்டாம் கட்சி மேல் எனக்கு இன்னும் கோபம். ‘எண்பது வயசுல’ என்று ஆரம்பிக்கிற பாராட்டு, எல்கேஜி குழந்தை ரைம்ஸ் சொன்னால் தட்டுகிற கைதட்டல். அதில் பாசம் இருக்கலாம், மதிப்பு இல்லை. அந்தச் சத்தத்தில் ஆல்பத்தின் குறைகளும் அமுங்கிப்போகின்றன.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் 1990இல் பிறந்தவர். ஆஸி ஆஸ்போர்ன், இகி பாப் ஆகியோரின் பிற்கால ஆல்பங்களைச் செய்தவர். கெட்டிக்காரர்தான். ஆனால் ஆல்பத்தின் பெரும்பகுதியில் ஒலியை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். இண்டு இடுக்கெல்லாம் கிட்டார், ஜாகரின் குரலில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. ஸ்டோன்ஸின் அழகே அந்த லேசான தள்ளாட்டம்தான். 2021இல் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ், ஸ்னேரில் அடிக்கும்போது ஹை-ஹாட்டிலிருந்து கையைத் தூக்கிவிடுவார். அந்தக் குட்டி இடைவெளியில்தான் பாட்டு மூச்சு விடும். அவர் வாசித்த இரண்டு பாடல்கள் இந்த ஆல்பத்திலும் உண்டு. ரிச்சர்ட்ஸுக்கு விரல்களில் மூட்டுவாதம். அதனால் வாசிக்கும் விதமே மாறியிருக்கிறது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மாற்றத்தைத்தானே நான் கேட்க வந்தேன்? அதை ஏன் மூடி மறைக்க வேண்டும்?

மறைக்காத இடம் ஒன்று உண்டு. கடைசிப் பாட்டு. 1950இல் மட்டி வாட்டர்ஸ் பதிவுசெய்த, இந்தக் குழுவுக்கே பெயர் கொடுத்த பாடல். டிரம்ஸ் இல்லை, விருந்தினர் இல்லை. ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, ஜாகரின் குரல். ரயில் நிலையத்தில் சந்தித்த அந்த இரண்டு பேர் மட்டும். கம்பியில் விரல் உரசுவது கேட்கிறது. அங்கே வயதை யாரும் ஒளித்துவைக்கவில்லை, கடைவிரிக்கவும் இல்லை. மொத்த ஆல்பமும் இப்படி இருந்திருக்கலாம்.

இதில் உனக்கென்ன இவ்வளவு வேகம் என்று கேட்கலாம். போன வருடம் ஒரு இன்டர்வியூ. எதிரே இருந்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். “இவ்ளோ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே, இன்னும் நீங்களே கோட் எழுதுறீங்களா சார்? கிரேட்!” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நான் எழுதிக் காட்டிய கோடைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதில் ஒரு தப்பு இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கே தெரிந்தது.

அவர் அந்தத் தப்பைப் பிடித்து என்னை நாலு கேள்வி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.