காத்திருக்கும் மாதங்களும் சிகிச்சைதான்

உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த ஒருவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்தால், அந்தத் திகதி தள்ளிப்போகும்போது அதன் பாரம் முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. கிளினிக் கொப்பியில் பழைய திகதியை வெட்டிப் புதியதை எழுத ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்காக இரவு பஸ் ஏறி, கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்த் திரும்பவேண்டும். கூடப் போகிறவரின் கூலியும் அன்று போய்விடும்.

தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. அதன்பின் மயக்கமருந்து நிபுணர்கள் உட்பட வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். இரைப்பையை வெட்டி மூடும் கருவியில் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய தையல்முள் தொகுதி வேண்டும்; அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. புற்றுநோயாளியும் விபத்தில் அடிபட்டவரும் வந்தால் சத்திரசிகிச்சைக் கூடம் முதலில் அவர்களுக்குத்தான். இதையெல்லாம் எங்கள் மக்கள் விளங்கிக்கொள்வார்கள். “சீனியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டு, அதை எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர ஊரில் ஆளில்லாமல் விடுவதைத்தான் ஏற்கமுடியாது.

ஏனென்றால் காத்திருக்கும் காலத்தில் உடம்பு சும்மா இருப்பதில்லை. பருமனானவரின் ஈரலில் பெரும்பாலும் கொழுப்பு படிந்திருக்கும். வீங்கிய ஈரலின் இடப்பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டால் உள்ளே கருவியைச் செலுத்துவதே கடினம். அதனால்தான் சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு வாரமளவில் மிகக் குறைந்த சக்தியுள்ள உணவு கொடுக்கிறார்கள். அந்த உணவில் பாதி வழி வந்தவரிடம் “இப்போது இல்லை, பிறகு” என்று சொன்னால் அவர் மனம் உடைந்து பழைய சாப்பாட்டுக்கே திரும்புவார். குறைந்த நிறை மறுபடி ஏறும். நீரிழிவும் பிரஷரும் கூடும். இரத்தப் பரிசோதனைகள் பழசாகி மீண்டும் எடுக்கவேண்டி வரும். மறுபடி முதலிலிருந்து.

“வாயைக் கட்டினால் போதாதா?” என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். போதாது. நிறை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, இழந்ததை மீட்கப் பார்க்கும். சிலீவ் எனப்படும் சத்திரசிகிச்சை முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை அகற்றும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவில் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்து போகிறது. ஆகவே இந்தச் சிகிச்சை சோம்பேறிகளின் குறுக்குவழி அல்ல. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 27.5இலிருந்தே இதைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. வரிசை இனி நீளத்தான் போகிறது.

வன்னிக்கு இதில் தனிக் கதையும் உண்டு. 2009இல் போரின் இறுதி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள், பிறகு முகாமில் நிவாரண அரிசியிலும் மாவிலும் சீனியிலும் மாதங்களைக் கழித்தவர்கள் இன்று நடுவயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தாயின் வயிற்றில் இருந்தவர்களுக்கும் பசியின் தடம் பின்னாளில் தெரியலாம்: நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை நடுவயதில் பரிசோதித்தபோது, அவர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறனில் குறை தெரிந்தது. அதோடு எங்களிடம் எறிகணையில் காலை இழந்தவர்களும் இருக்கிறார்கள். நிறை ஏறினால் பொய்க்கால் பொருந்தாது. பொருந்தாவிட்டால் நடை குறையும். நடை குறைந்தால் நிறை இன்னும் ஏறும். “தினமும் முக்கால் மணித்தியாலம் நடவுங்கள்” என்ற துண்டுப்பிரசுரம் இவர்களுக்கு எதற்கு? இருந்தபடியே கைகளுக்குச் செய்யும் பயிற்சியைக் காட்டித்தர ஒரு இயன்மருத்துவர் வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மாதம் ஒரு காலைப்பொழுதையாவது இந்தச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்குங்கள் என்பதே மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் எங்கள் கோரிக்கை. நிறை, பிரஷர், சீனி, இரும்புச்சத்து ஆகியவற்றை இங்கேயே பார்க்கலாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, முருங்கையிலையும் மீனும் பயறும் கூட்டச் சொல்லலாம். ஒரு நாளில் ஆறு பிளேன்டீயோடு எத்தனை கரண்டி சீனி உள்ளே போகிறது என்பதை அவரோடு உட்கார்ந்து எண்ணிக் காட்டலாம். நிறை குறைக்கும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் தூள்களை வாங்காதீர்கள், இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல ஒரு தாதி இருந்தால் போதும். மனச்சோர்வில் இருப்பவரை அதே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அனுப்பலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம்.

கொழும்பு வைத்தியசாலைகளும் தம் பங்கைச் செய்யவேண்டும். இங்கே எடுத்த பரிசோதனை முடிவுகளை அவை ஏற்கவேண்டும். நீரிழிவு கட்டுக்குள் வராதவரையும் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவரையும் வரிசையில் முன்னே எடுக்கவேண்டும். திகதி மாறினால், நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு வரவேண்டும். புதிய திகதியையும் அதே அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.