ராஜாவைச் சுற்றி ஒரு வட்டம்

பாண்டிய ராஜா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மீன்கொடி, யானை, போர், மதுரைக் கோபுரம். குலசேகர பாண்டியன் என்று சொன்னால், 1268இல் பட்டத்துக்கு வந்தவன், 1279இல் சோழர் ஆட்சியை முடித்து வைத்தவன், இலங்கைக்குப் படை அனுப்பி புத்தரின் பல்லையே எடுத்து வரச் செய்தவன் என்று சரித்திரம் படித்தவர்கள் ஒப்பிப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவன் காலத்து ராஜாங்கத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதில் எதுவும் இல்லை. ஒரு வெளியூர் வியாபாரி தரையில் போட்ட வட்டம்தான் அது.

1292, 93 வாக்கில் சீனாவிலிருந்து ஊர் திரும்பிய மார்க்கோ போலோ நம் கரைப்பக்கம் வந்தார். அவர் எழுதி வைத்த ஊர்களில் ஒன்று காயல். அது நம் பழையகாயல்தான் என்று எடுத்துக் காட்டியவர் இடையன்குடி பிஷப் கால்டுவெல். கிளாஸ்கோவில் படித்து, திருநெல்வேலிச் சீமையிலேயே வாழ்நாளைக் கழித்த மனுஷர். அவருடைய திருநெல்வேலி சரித்திரம் 1881இல் வெளிவந்தது. இன்றைக்குப் பழையகாயலில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், முதலில் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது, பிறகு காயலையும் பிரித்தது. போலோ வந்தபோது அங்கே அரபு நாட்டுக் குதிரைக் கப்பல்கள் வரிசையாக நின்றன.

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்ததாம். கடன் வாங்கியவன் தவணை சொல்லியே இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனைத் தீர்க்காமலோ, தகுந்த ஜாமீன் கொடுக்காமலோ வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒரு தடவை ராஜாவே ஓர் அயல்நாட்டு வியாபாரிக்குப் பணம் பாக்கி வைத்து, இதோ அதோ என்று நாளைக் கடத்தினான். ராஜா குதிரையில் போகிற சமயம் பார்த்து, அந்த வியாபாரி குதிரையையும் ராஜாவையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டான். வியாபாரிக்குப் பணம் வந்து சேரும் வரை ராஜா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தாமே கண்ணால் பார்த்ததாகப் போலோ எழுதுகிறார்.

போலோ அளந்து விடுகிற ஆள் என்று சிலர் சொல்லலாம். சில இடங்களில் அப்படித்தான். ஆனால் இந்த வட்டம் போடுகிற வழக்கத்தை, இருநூறு வருஷத்துக்குப் பிறகு கோழிக்கோட்டுக்கு வந்த வர்த்தேமா என்ற இத்தாலியரும் எழுதியிருக்கிறார். ஆகவே வழக்கம் உண்மை. ராஜா நின்றதை மட்டும் வேண்டுமானால் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ராஜாவைப் பற்றி ஒரு வெளியூர்க்காரன் அப்படிக் கதை சொல்ல முடிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதற்கான கடன் என்று போலோ சொல்லவில்லை. குதிரைக் கடனாக இருக்கும் என்பது என் ஊகம். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் சொல்லும் கணக்கில், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் ராஜா விலை கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம். இப்படி நாணயத்தைக் காப்பாற்றியதால்தான் காயல் துறை செழித்தது. ராஜா நீதியாக நடக்கிறான், வியாபாரிகளை ஆதரிக்கிறான், அதனால் சந்தோஷமாக வருகிறார்கள் என்று போலோவே எழுதுகிறார்.

இதை இன்றைக்குப் பொருத்திப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறு ஒப்பந்தக்காரர், ஓர் அலுவலகத்துக்குக் கட்டடப் பழுதுவேலை செய்துவிட்டு, பில் பணத்துக்காக நாலு வருஷம் நடந்தார். வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தவர். ஒவ்வொரு தடவையும் ‘ஃபைல் மேலே போயிருக்கு’ என்பதுதான் பதில். அவர் யாரைச் சுற்றி வட்டம் போடுவார்? அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட நம் அரசியல் சாசனத்தில் இடம் இருக்கிறது. இங்கிலாந்தில்கூட 1947இல் சட்டம் வந்த பிறகுதான், அனுமதி கேட்டு நிற்காமல் சாதாரணமாக அரசின் மேல் வழக்குப் போட முடிந்தது. ஆனால் வழக்குப் போட்டு ஜெயிப்பதற்குள் சின்ன ஆள் முடிந்து போவான். சட்டம் இருந்தால் மட்டும் போதாது. கடன்பட்டவன் நிற்க வேண்டும்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. மிச்சம் வியாபாரிக்கு. மூச்சடக்கி முங்கியவனுக்குக் கூலி மட்டும்தான். அதற்கும் முன்னால், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் குறிப்பு சொல்கிறது. பின்னாளில் இலங்கைக் கரையில் பிரிட்டிஷார் நடத்தியபோது சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போனது, ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு. வியாபாரிக்குத்தான் ராஜாவை நிறுத்தும் வட்டம் இருந்தது. முத்துக் குளிப்பவன் கையில் அந்தக் கோல் இருந்ததாக யாரும் எழுதவில்லை.

மானூர்க் கல்வெட்டும் இதே போலத்தான். சுமார் 800ஆம் ஆண்டு, நம் திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூரில், சபையில் உட்காருவதற்கு என்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். எதை எடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று குறுக்கே விழுந்து சபையைக் கெடுப்பவனுக்கு ஐந்து காசு அபராதம்! நம் தெரு நலச் சங்கத்தில் இதைக் கொண்டுவந்தால் கட்டடமே கட்டிவிடலாம். ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலமும் வேண்டும், வேதப் படிப்பும் வேண்டும். உழுதவன் வெளியேதான் நின்றான்.

இன்னொரு பெரிய ஓட்டையும் இருந்தது. தனக்குப் பிறகு யார் என்பதை அந்த ராஜாங்கம் உறுதியாகத் தீர்த்து வைக்கவில்லை. ஒரே சமயத்தில் ஐந்து சகோதரர்கள் ஆண்டார்கள் என்கிறார் போலோ. 1310இல் சுந்தர பாண்டியன் தகப்பனையே கொன்றான் என்று வஸ்ஸாப் எழுதுகிறார். அவனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டிருந்த நேரம், 1311இல் மாலிக் காபூர் வந்து இறங்கினான்.

இதே சமயத்தில் கால்டுவெல் படித்த ஸ்காட்லாந்திலும் இதே கதை. 1286இல் மூன்றாம் அலெக்சாந்தர் ராஜா இரவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். வாரிசான சின்னப் பேத்தியும் 1290இல் இறந்தாள். பத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டத்துக்குப் போட்டியிட, பஞ்சாயத்துப் பேச வந்த இங்கிலாந்து ராஜா 1296இல் படையோடு வந்து நாட்டையே பிடித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். ராஜா இறந்ததும் அங்கே ஆறு பேரைக் காவலர்களாகத் தேர்ந்தெடுத்து அரசாட்சியை நடத்தினார்கள். 1320இல் போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் ராஜாவே எங்களை விட்டுக் கொடுத்தால் அவனை இறக்கிவிட்டு வேறொருவனை வைப்போம் என்ற கருத்தைப் பிரபுக்கள் சொன்னார்கள். நாடு வேறு, ராஜா வேறு என்ற எண்ணம் அங்கே ஊன்றியிருந்தது. அவர்கள் மீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். இங்கே ஊருக்கு ஊர் சபை இருந்தும், நாடு முழுமைக்கும் ராஜாவுக்குப் பதிலாகப் பேச ஒரு சபை இல்லை. பாண்டியர் தென்காசிப் பக்கம் ஒதுங்கியதோடு கதை முடிந்தது.

பேரப்பிள்ளைகளை ஆதிச்சநல்லூர் பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள், அப்படியே கொற்கைக்கும் பழையகாயலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எந்த ராஜா எத்தனை நாட்டைப் பிடித்தான் என்பதோடு நிறுத்தாமல், மூன்று கேள்வியும் சொல்லிக் கொடுங்கள். வாங்கிய கடனைக் கொடுத்தானா? உழைத்தவனுக்கு எவ்வளவு மிச்சம் விட்டான்? தனக்குப் பிறகு நாடு நிற்க வழி செய்தானா? முதல் கேள்விக்கு நம் பாண்டியன் நல்ல மார்க் வாங்குவான். மற்ற இரண்டிலும் தேற மாட்டான். ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடமும் இதே மூன்றையும் கேட்கலாம், தப்பில்லை.