மணல் போகிற வழி

முன்பெல்லாம் வெளியூர் உறவினர்கள் புதுச்சேரிக் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று தவறாமல் கேட்பார்கள்: “பீச்சுன்னு சொன்னீங்க, மணலைக் காணோமே?” கருங்கல் குவியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “வாங்க, வீராம்பட்டினம் போலாம்” என்று வண்டியைத் திருப்புவோம்.

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது அந்தக் குப்பம். அகலமான மணல், ஏற்றி வைத்த படகுகள், நிழலில் வலை பின்னுகிறவர்கள். ஆடித் தேர் நாளை விட்டால் பெரிய கூட்டமில்லை. சற்றுத் தள்ளிச் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கியது. சுத்தம் அங்கேதான் அதிகம். எனக்கென்னவோ வலை காயும் மணல்தான் பிடிக்கிறது.

முகத்துவாரத்துக்குத் தெற்கே இவ்வளவு மணல், வடக்கே பல காலம் வெறும் கல். இடையில் இருப்பது 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள். நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. வாடைக்காற்று மாதங்களில் தெற்கே போகும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து வரும் அலைகள் வடக்கே தள்ளும். வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். அதைச் சுவர் மறித்துக்கொண்டது. வீராம்பட்டினத்தில் கால் புதைய நடக்கிறோமே, அதில் ஒரு பங்கு குருசுக்குப்பத்துக்குச் சேர வேண்டிய மணல்.

வடக்கே அரித்த இடத்தில் கல்லைக் கொட்டினார்கள். 2004 சுனாமியில் நகரைக் காத்தது அந்தக் கல்தான் என்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அரிப்பு நிற்கவில்லை, இடம் மாறியது. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம். படகை ஏற்றி வைக்கவும் கரைவலை இழுக்கவும் மணல் வேண்டும். கல்லின் மேல் இரண்டும் நடக்காது.

2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் அந்தப் பக்கம் வந்தது. கரை திரும்பியது, பிள்ளைகள் மணலில் ஓடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் தெற்கில் சேரும் மணலை வடக்கே எடுத்துப் போடுவது துறைமுகத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. அது ஒழுங்காக நடந்திருந்தால் இரும்புக்கே இவ்வளவு தேவை வந்திருக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் இப்போது மணலை மறிக்கும் தூண்டில் வளைவுகள் போடுகிறார்கள். ஒரு குப்பத்துக்கு வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்துக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டு மறியலுக்கு உட்காராமல் என்ன செய்வார்கள்?