ஆணையிட்டவர் யார்?

ஹால் 9000 என்றதும் நம்மில் பலருக்கு ஒரு கொலைகாரக் கணினிதான் நினைவுக்கு வரும். ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் வெளிவந்த படம். வியாழனுக்குப் போகும் டிஸ்கவரி கப்பலில் ஐந்து பேர்; அவர்களில் மூவர் உறைதூக்கத்தில். கப்பலை நடத்தும் கணினியான ஹால், ஒரு பாகம் பழுதாகப்போகிறது என்று தவறாகச் சொல்கிறது. ஹாலை அணைத்துவிடலாமா என்று மற்ற இருவரும் பேசிக்கொள்வதை உதட்டசைவிலேயே படித்துவிடுகிறது. பிறகு நான்கு சாவுகள். மிஞ்சிய டேவ் போமன் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். இயந்திரத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நாமும் கோப்பை மூடிவிட்டோம்.

ஆர்தர் சி. கிளார்க் மூடவில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர், 1982இல் எழுதிய '2010' நாவலில் ஹாலை உருவாக்கியவரையே விசாரிக்க அனுப்புகிறார். அவர் பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. (1984இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியபோது 'டாக்டர் சந்திரா' மட்டும் மிஞ்சினார், நடித்தவர் பாப் பாலபன். போகட்டும்.) பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்குத் தெரியும், உறைதூக்கத்தில் இருந்த மூவருக்கும் தெரியும். விழித்திருந்து கப்பலைப் பார்த்துக்கொண்ட இருவருக்கும் மட்டும் தெரியக் கூடாது. தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் தரவே செய்யப்பட்ட ஒன்றிடம், பகலும் இரவும் கூட இருப்பவர்களிடம் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது. ஹால் தனக்குத் தெரிந்த வழியில் சிக்கலைத் தீர்த்தது: பொய் சொல்லப்பட வேண்டியவர்களே இல்லையென்றால் பொய்யும் வேண்டியதில்லை.

இங்கேதான் கிளார்க்கோடு நமக்கு ஒரு வழக்கு. உத்தரவு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். போட்ட ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கதை அதற்குள் வியாழனை இன்னொரு சூரியனாக எரியவிடப் போய்விடுகிறது. அவ்வளவு வெளிச்சத்தில் அந்த உத்தரவுக் காகிதத்தைத் தேடுவார் யாருமில்லை.

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் இதில் கறாரானவர். அவருடைய 'அனான்கே' கதையில் ஏரியல் என்ற பெருங்கப்பல் செவ்வாயில் இறங்கும்போது நொறுங்குகிறது. விசாரணைக் குழுவில் இருக்கும் விமானி பிர்க்ஸ், கணினியைக் குடைவதை விட்டுவிட்டு அதைப் பழக்கியவர் யார் என்று யோசிக்கிறான். கார்னீலியஸ், ஒரு காலத்தில் அவனுடைய மேலதிகாரி. எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்காமல் நிம்மதி கொள்ளாத மனிதர். அந்தப் பதற்றம் அப்படியே இயந்திரத்துக்குள் இறங்கியிருக்கிறது. தரையிறங்கும் நொடிகளில் தேவைக்கு மேல் தகவல் கேட்டுக் கேட்டு அது திணறிப்போகிறது. உண்மை தெரிந்ததும் கார்னீலியஸ் தற்கொலை செய்துகொள்கிறார். இந்தக் கதை நம்மை விடாமல் தொந்தரவு செய்வதற்குக் காரணம், இதில் அலட்சியக்காரர் எவரும் இல்லை. அளவுக்கு மீறிப் பொறுப்பாக இருந்த ஒருவரின் கைவேலை அந்த விபத்து.

நிஜ உலகம் லெம் அளவுக்குக்கூட வரவில்லை. 2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில், ஊபரின் தானோட்டிச் சோதனைக் கார் சாலையைக் கடந்த பெண் ஒருவரைக் கொன்றது. கணினி ஓட்டும்போது காரின் சொந்த அவசர பிரேக் வேலை செய்யாதபடி நிறுவனம் நிறுத்திவைத்திருந்தது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்லிவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஊழியருக்கு 2023இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஏர் கனடா இன்னும் துணிச்சல்: பயணி ஒருவருக்குச் சலுகைக் கட்டணம் பற்றித் தவறான தகவல் தந்த தன் சாட்பாட், தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற தொனியில் வாதாடியது. 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. எந்த அறிவியல் புனைகதையாளருக்கும் இப்படியொரு வசனம் எழுதத் தோன்றியிருக்காது.

நம் பக்கம் வருவோம். 'எந்திரன்' (2010) படத்தில் எல்லாப் பழியும் ஒரு சிவப்புச் சில்லின் தலையில் விழுகிறது. அதைப் பொருத்தியவர் விஞ்ஞானி போரா என்று காட்டும் காட்சி நீதிமன்றத்தில் ஓடுகிறது, ரோபோவை உருவாக்கிய வசீகரன் தப்பிக்கிறார், அந்த ரோபோவான சிட்டியைக் கழற்ற உத்தரவு வருகிறது. ஆனால் அந்தச் சில்லுக்கு வெகுகாலம் முன்பே ஒருத்தி செத்துவிட்டாள். தீயிலிருந்து ஆடையின்றித் தூக்கிவரப்பட்டு, கேமராக்கள் முன்னால் நிறுத்தப்பட்டு, வெட்கம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்ட பெண். அப்போது சிட்டி யார் கையிலும் கெட்டுப்போயிருக்கவில்லை. செய்தவர் நினைத்தபடியே இயங்கிக்கொண்டிருந்தது. ராணுவத்துக்கென்று செய்த இயந்திரத்தை, மானம் என்றால் என்னவென்று அதற்குச் சொல்லித்தராமலேயே மக்கள் நடுவே இறக்கியவர் வசீகரன். அந்தச் சாவுக்குப் பிறகு அவருக்குக் கிடைப்பது, சிட்டிக்கு உணர்ச்சி ஊட்ட அவகாசம். தமிழில் இவ்வளவு பெரிய விசாரணைக் கதை கண்ணெதிரே கிடந்தும், அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம்.

நமக்கு வரும் கதைகளிலும் ரோபோக்கள் தாமாகவே வெறிகொள்கின்றன, தாமாகவே அழிகின்றன. அடுத்த இதழுக்கு எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டெண்டர் கமிட்டியை எழுதுங்கள். சோதனையை இரண்டு வாரம் குறைக்கச் சொன்ன மேலாளரை, வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்த பொறியாளரை, படிக்காமல் கையெழுத்துப் போட்ட செயலரை எழுதுங்கள். ரோபோ கடைசிப் பக்கத்தில் வந்தால்கூடப் போதும்.