விபத்து அல்ல, கொலை!

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவன் மூன்று உயிர்களைப் பறித்தான். இதை விபத்து என்று சொல்லலாமா?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்துக் கோர்ட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. 2010-ம் ஆண்டு ஜூரிகள் அதற்குப் பதில் அளித்தார்கள். விபத்து அல்ல, கொலை என்பதே அந்தப் பதில்!

மாண்ட மூவரில் ஒருவர், நிக் ஏடன்ஹார்ட். வயது 22. பேஸ்பால் பந்து வீச்சாளர்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. அங்கும் ஒருவர் பந்து வீசுவார். மற்றவர் மட்டையால் அடிப்பார். நம் ஊரில் கிரிக்கெட் வீரர்களுக்கு என்ன மவுசோ, அந்த மவுசு அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களுக்கு உண்டு.

தளராத உள்ளம்

ஏடன்ஹார்ட் மேரிலாந்து மாகாணத்தில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பந்து வீச்சில் பெயர் எடுத்தார். 2004-ம் ஆண்டு, பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில், பந்து வீசும் கையின் முழங்கையில் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று.

பந்து வீசுகிறவனுக்குக் கைதானே மூலதனம்! ஆனாலும் ஏஞ்சல்ஸ் என்ற குழு அவரை நம்பி ஒப்பந்தம் செய்தது. அவரும் சோர்ந்துவிடவில்லை. கை தேறியதும் சிறிய ஆட்டங்களில் தொடங்கி, படிப்படியாக மேலே வந்தார். 2008-ம் ஆண்டு மே மாதம் முதல் தடவையாகப் பெரிய பந்தயத்தில் இறங்கினார்.

2009, ஏப்ரல் 8. அனகைம் நகர மைதானத்தில் இரவு ஆட்டம். பெரிய பந்தயங்களில் அவருக்கு அது நாலாவது ஆட்டம். மகன் அழைத்ததால் தந்தை வெகு தூரத்தில் இருந்து விமானத்தில் வந்திருந்தார்.

அன்று ஏடன்ஹார்ட் ஆறு சுற்றுகள் பந்து வீசினார். எதிர்க் குழுவால் ஒரு ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை! அவர் ஓய்வுக்குப் போன பிறகே எதிராளிகள் வென்றார்கள். தந்தை கண் குளிரப் பார்த்தார்.

அதுவே மகனின் கடைசி ஆட்டம்.

சிவப்பு விளக்கு

நள்ளிரவு கடந்தது. ஏடன்ஹார்ட்டும் மூன்று நண்பர்களும் ஒரு காரில் போய்க்கொண்டிருந்தார்கள். புல்லர்டன் என்ற ஊரில் ஒரு நாற்சந்தி. சிவப்பு விளக்கு எரிவதையும் பொருட்படுத்தாமல் ஒரு வேன் பாய்ந்து வந்து காரில் மோதியது. கார் நொறுங்கியது.

காரை ஓட்டிய 20 வயதுப் பெண்ணும், 25 வயது நண்பர் ஒருவரும் அங்கேயே உயிர் இழந்தனர். ஏடன்ஹார்ட் ஆஸ்பத்திரியில் இறந்தார். நாலாவது நண்பருக்கு முதுகெலும்பில் இருந்து மண்டை ஓடு விலகிவிட்டது. டாக்டர்களின் முயற்சியால் அவர் பிழைத்தது அதிசயம்.

வேன் ஓட்டியவன் இறங்கி ஓடிவிட்டான். போலீசார் சிறிது நேரத்தில் பிடித்தார்கள். அவனுக்கும் வயது 22தான்! ஒரே வயது. ஒருவர் உழைத்து உயர்ந்தவர். மற்றவன் குடித்து அழிந்தவன்.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 80 மில்லி கிராம் மது இருந்தாலே கலிபோர்னியாவில் குற்றம். அவன் ரத்தத்தில் இருந்ததோ சுமார் 190!

சாவி மட்டும் மிஞ்சியது

அவனுக்கு அது முதல் குற்றம் அல்ல. 2006-ம் ஆண்டே குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவன். அவனுடைய லைசென்சு முடக்கப்பட்டிருந்தது. குடித்துவிட்டு ஓட்டி யாராவது செத்தால் கொலை வழக்கு வரும் என்ற எச்சரிக்கையும் அவனுக்குத் தரப்பட்டிருந்தது.

தெரிந்தே செய்தான். ஆகவே ஜூரிகள் அதைக் கொலை என்றார்கள். 51 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

தண்டனை நியாயமானது. ஆனால் அது மூன்று பேரும் மண்ணுக்குள் போன பிறகு வந்தது. சட்டம் லைசென்சைப் பறித்தது. சாவியைப் பறிக்க யாரும் இல்லை! அன்று இரவு எவராவது ஒருவர் அந்தச் சாவியை வாங்கி வைத்திருந்தால், மூன்று வீடுகளில் ஒப்பாரி எழுந்திருக்காது.

போதையின் சூழ்ச்சி

மது முதலில் தாக்குவது காலை அல்ல, அறிவை. தள்ளாட்டம் வருவதற்கு முன்பே நிதானம் போய்விடும். "எனக்கு ஒன்றும் இல்லை, நான் ஓட்டுவேன்" என்று குடித்தவன் சொல்வது பொய் அல்ல. அவன் அப்படியே நம்புகிறான். அதுதான் ஆபத்து!

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி தாமதித்தாலும் போன உயிர் போனதுதான்.

காபி குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் ரத்தத்தில் உள்ள மது சீக்கிரம் இறங்காது. உடம்பு அதை மெதுவாகத்தான் கரைக்கும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

கண்ணீர் மட்டும் போதுமா?

அந்த ஆண்டு முழுவதும் ஏஞ்சல்ஸ் வீரர்கள் ஏடன்ஹார்ட்டின் சட்டையை ஆட்டத்துக்கு ஆட்டம் கொண்டுபோய் மாட்டி வைத்தார்கள். செப்டம்பரில் தங்கள் பிரிவில் முதல் இடம் பெற்றபோது, அந்தச் சட்டை மீது பீரும் ஷாம்பேனும் ஊற்றிக் கொண்டாடினார்கள். அன்பில் செய்ததே! ஆனால் அவரைக் கொன்றதும் மதுதானே?

செயின்ட் லூயி கார்டினல்ஸ் என்ற குழுவிலும் இப்படி ஒரு துயரம் நேர்ந்தது. 2007-ல் அதன் பந்து வீச்சாளர் ஜோஷ் ஹான்காக், தாமே குடித்துக் கார் ஓட்டி, சாலையில் நின்ற வண்டி மீது மோதி இறந்தார். அந்தக் குழு உடனே, வீரர்கள் உடை மாற்றும் அறையில் மதுவுக்குத் தடை போட்டது. அழுததோடு நிற்காமல், செய்ய வேண்டிய ஒன்றைச் செய்தது.

விருந்து வைப்பவருக்கும் பொறுப்பு உண்டு. குடித்தவனை வழியனுப்புமுன் சாவியை வாங்கி வைக்க வேண்டும். தாய் கேட்கலாம், மனைவி கேட்கலாம், நண்பன் கேட்கலாம். கோபிப்பான். ஏசுவான். ஏசட்டும்! மறுநாள் காலை, ஏசியவன் உயிரோடு எழுந்திருப்பான். எதிரே வந்தவனும் உயிரோடு வீடு சேர்ந்திருப்பான்.

சாவியைக் கேட்கக் கூச்சப்படுவதா? சாவுக்கு அழுவதா? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.